பிரெஞ்சு இமர்ஷனா, பிரெஞ்சுப் பள்ளியா? கனடாவில் பெற்றோருக்கு உள்ள வழிகள்

ஒன்ராறியோவில் பிள்ளை ஜேகே (ஜூனியர் கிண்டர்கார்டன்) போகத் தொடங்கிய சில வாரங்களிலேயே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "பிள்ளையைப் பிரெஞ்சில போடேல்லையோ?" அவர் எதை நினைத்துக் கேட்கிறார் என்பதுதான் குழப்பம். ஆங்கிலப் பள்ளிக்குள்ளேயே பல பாடங்களைப் பிரெஞ்சில் நடத்தும் பிரெஞ்சு இமர்ஷன் ஒன்று. எல்லாப் பாடத்தையும் பிரெஞ்சில் நடத்தும் பிரெஞ்சு மொழிப் பள்ளி இன்னொன்று. ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் கட்டாயம் படிக்கும் பிரெஞ்சுப் பாடம் மூன்றாவது. மூன்றுக்கும் விதி வேறு, சேரும் வழி வேறு. கியூபெக் பக்கம் போனால் எல்லாம் தலைகீழ்.

முதலில் கட்டாயப் பாடம். ஒன்ராறியோவின் ஆங்கிலப் பள்ளிகளில் தரம் 4 முதல் தரம் 8 வரை பிரெஞ்சு கட்டாயம். இதைக் 'கோர் பிரெஞ்ச்' என்பார்கள். தரம் 8 முடியும்போது குறைந்தது 600 மணி நேரம் படித்திருக்க வேண்டும், உயர்நிலைப் பள்ளியில் ஒரு கிரெடிட்டும் எடுக்க வேண்டும். இதற்கு விண்ணப்பம் எதுவும் இல்லை. ஆனால் இதை மட்டும் படித்த பிள்ளை சரளமாகப் பிரெஞ்சு பேசும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்தது, கோர் பிரெஞ்சுக்கும் இமர்ஷனுக்கும் நடுவே உள்ள எக்ஸ்டெண்டட் பிரெஞ்ச். பிரெஞ்சோடு குறைந்தது இன்னொரு பாடமும் பிரெஞ்சில் நடக்கும், தரம் 8 வரை குறைந்தது 1,260 மணி நேரம். இமர்ஷன் இதைவிடப் பெரிது. பிரெஞ்சோடு குறைந்தது இரண்டு பாடங்கள் பிரெஞ்சில், பள்ளி நேரத்தில் பாதிக்குக் குறையாமல், தரம் 8 வரை மொத்தம் 3,800 மணி நேரம். கோர் பிரெஞ்சின் ஆறு மடங்குக்கும் மேல். வித்தியாசம் எங்கே இருந்து வருகிறது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். உயர்நிலைப் பள்ளியில் 10 கிரெடிட்டுகளைப் பிரெஞ்சில் முடித்தால் இமர்ஷன் சான்றிதழ், 7 முடித்தால் எக்ஸ்டெண்டட் சான்றிதழ். சில கல்விச் சபைகள் தரம் 12 பிள்ளைகளுக்கு டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழிப் பரீட்சை எழுதவும் ஏற்பாடு செய்கின்றன. பிரான்ஸ் அரசு தரும் அந்தச் சான்றிதழ் கனடாவுக்கு வெளியிலும் செல்லும்.

இமர்ஷன் பிறந்தது கியூபெக்கில்தான். மொன்றியலுக்கு அருகே உள்ள சென் லம்பேர் என்ற ஊரில் ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் கல்விச் சபையை விடாமல் நெருக்கி, 1965இல் ஒரு கிண்டர்கார்டன் வகுப்பை முழுக்கப் பிரெஞ்சில் தொடங்க வைத்தார்கள். மக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பர்ட் குழு அந்தப் பிள்ளைகளைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்தது. தொடக்க வகுப்புகளில் ஆங்கில வாசிப்பு கொஞ்சம் பின்தங்கியது, ஆங்கிலப் பாடம் தொடங்கியதும் சமமாகிவிட்டது. 'ஆங்கிலம் கெட்டுப் போகுமோ' என்று பயப்படுகிறவர்களுக்கான பதில் இதுதான். மறுபக்கமும் உண்டு. இமர்ஷன் பிள்ளைகள் பிரெஞ்சைக் கேட்டும் வாசித்தும் நன்றாகப் புரிந்துகொள்வார்கள், ஆனால் பேச்சிலும் இலக்கணத்திலும் பிரெஞ்சு வீட்டுப் பிள்ளைகளை எட்டுவதில்லை என்பது பின்னால் வந்த ஆய்வுகளிலும் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம்.

சரி, எப்போது சேர்ப்பது? நம்மவர்கள் பலர் தவறவிடுவது இங்கேதான். மணி நேரக் கணக்கை மாகாணம் வைக்கிறது. எந்த வகுப்பில் தொடங்குவது, எத்தனை இடம், எப்படித் தெரிவு என்பதைக் கல்விச் சபைதான் முடிவு செய்கிறது. ரொறன்ரோ பொதுக் கல்விச் சபையில் இமர்ஷன் எஸ்கேயில் (சீனியர் கிண்டர்கார்டன்) தொடங்குகிறது, அதாவது பிள்ளைக்கு 5 வயது ஆகும் வருடத்தில். ஜேகே படித்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பனிக்காலத்துக்குள், இணையத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும். ரொறன்ரோவின் வட எல்லையான ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டி மார்க்கம் நகருக்குப் போனால் யோர்க் பிராந்தியச் சபை. அங்கே தரம் 1. மிசிசாகா, பிரம்டனுக்கான பீல் சபையிலும் தரம் 1தான், அங்கே கேட்பவர் தொகை இடத்தைத் தாண்டினால் குலுக்கலும் உண்டு. எனவே ரொறன்ரோச் சபைக்குள் வரும் ஸ்காபரோவில் இருக்கும் தங்கையிடம் கேட்டு மார்க்கத்தில் இருக்கும் அக்கா திட்டமிட்டால் கணக்குத் தவறிவிடும். உங்கள் முகவரி எந்தச் சபைக்குள் வருகிறதோ அந்தச் சபையின் பக்கத்தில் திகதியைப் பாருங்கள். கத்தோலிக்கச் சபைகளுக்கும் தனித் திகதி, அவற்றின் தொடக்கப் பள்ளிகளில் பொதுவாக ஞானஸ்நானச் சான்றும் கேட்பார்கள்.

கட்டணம் கிடையாது. பெற்றோருக்குப் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்தத் திட்டமே பிரெஞ்சு தெரியாத வீட்டுக்காகத்தான். வீட்டில் தமிழ் பேசுவதும் தடையில்லை. ஆனால் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியிலேயே இமர்ஷன் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வேறு பள்ளிக்கு அனுப்ப வேண்டி வரலாம். பஸ் உண்டா, எவ்வளவு தூரத்துக்கு உண்டு என்பதும் சபைக்குச் சபை மாறும். காலையில் இரண்டு பேரும் வேலைக்கு ஓடும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

ரொறன்ரோவிலும் யோர்க்கிலும் தரம் 3 வரை வகுப்பு முழுக்கப் பிரெஞ்சில் போகும், தரம் 4இல்தான் ஆங்கிலப் பாடம் வரும். தரம் 2 பிள்ளை ஆங்கிலத்தில் எழுத்துப் பிழை விட்டால் உடனே பதறி வெளியே எடுத்துவிடாதீர்கள். இடையில் ஆங்கில வகுப்புக்கு மாறுவது எளிது, எஸ்கேயிலோ தரம் 1இலோ தொடங்கிய இமர்ஷனுக்கு நடுவில் திரும்பி வருவது ஏறக்குறைய முடியாத காரியம். கற்றலில் சிரமம் உள்ள பிள்ளை என்றால் அந்தப் பள்ளியில் இமர்ஷன் வகுப்புக்குள்ளேயே என்ன உதவி கிடைக்கும் என்று அதிபரிடம் நேராகக் கேளுங்கள். பிரெஞ்சு ஆசிரியர் பற்றாக்குறை ஒன்ராறியோவில் வெகு நாளாக இருக்கிறது, உதவி ஆசிரியர் இன்னும் குறைவு. 'ஆங்கில வகுப்புக்கு மாற்றுங்கள்' என்ற ஆலோசனை கொஞ்சம் சுலபமாகவே வந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

பிரெஞ்சு மொழிப் பள்ளி

ஒன்ராறியோவில் 12 பிரெஞ்சுக் கல்விச் சபைகள் இருக்கின்றன, 4 பொது, 8 கத்தோலிக்கம். ரொறன்ரோப் பகுதியில் வியாமோந்த் பொதுச் சபை, மோனவனீர் கத்தோலிக்கச் சபை. இங்கே கணிதம், விஞ்ஞானம் மட்டுமல்ல, அலுவலகப் பேச்சும் பெற்றோருக்கு வரும் கடிதமும் பிரெஞ்சில்தான். ஆங்கிலம் தரம் 4 முதல் ஒரு பாடமாக வரும். ரொறன்ரோவில் வளரும் பிள்ளைக்கு ஆங்கிலம் தெருவிலும் தொலைக்காட்சியிலும் தானாக வந்துவிடும் என்பதால் இரண்டு மொழியும் சமமாக நிற்பது பெரும்பாலும் இந்தப் பள்ளிப் பிள்ளைகளிடம்தான்.

இங்கே சேர்வது உரிமை சார்ந்த விஷயம். 1982ஆம் ஆண்டின் உரிமைகள் சாசனத்தின் 23ஆம் பிரிவு, சிறுபான்மை மொழியில் பிள்ளையைப் படிப்பிக்கும் உரிமையைக் கனடியக் குடியுரிமை உள்ள பெற்றோருக்குக் கொடுக்கிறது. கியூபெக்குக்கு வெளியே மூன்றில் ஒன்று பொருந்தினால் போதும்: பெற்றோர் முதலில் கற்று இன்றும் புரிந்துகொள்ளும் மொழி பிரெஞ்சு, அல்லது அவர் கனடாவில் தொடக்கக் கல்வியைப் பிரெஞ்சில் பெற்றவர், அல்லது அவருடைய ஒரு பிள்ளை கனடாவில் ஏற்கெனவே பிரெஞ்சுப் பள்ளியில் படித்தது, அல்லது படிக்கிறது. மொன்றியலில் பிரெஞ்சில் தொடக்கப் பள்ளி முடித்து, பிறகு ரொறன்ரோவுக்குக் குடிவந்த தமிழர் எத்தனையோ பேர். குடியுரிமை இருந்தால் அவர்களுக்கு இந்த உரிமை கைவசம் இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை.

உரிமை இல்லாதவருக்கும் வழி உண்டு. அதிபர், ஓர் ஆசிரியர், சபையின் மேற்பார்வை அதிகாரி ஆகியோர் அடங்கிய சேர்க்கைக் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். பாரிஸில் சில வருடங்கள் இருந்துவிட்டு இங்கே வந்த குடும்பம், பாண்டிச்சேரியில் பிரெஞ்சில் படித்த பெற்றோர் போன்றவர்கள் தயங்காமல் கேட்கலாம். ஒரு பிள்ளை இப்படிச் சேர்ந்து படித்தால், குடியுரிமையுள்ள பெற்றோருக்கு மேலே சொன்ன மூன்றாவது வழியில் மற்றப் பிள்ளைகளுக்கான உரிமையும் வந்துவிடுகிறது. இமர்ஷனுக்கு அந்தப் பலன் இல்லை, ஏனென்றால் அது ஆங்கிலப் பள்ளித் திட்டம்.

கியூபெக்கில்

இங்கே தொடக்கம் முதல் உயர்நிலை முடியும்வரை பிரெஞ்சுப் பள்ளிதான் விதி. 1977இன் பிரெஞ்சு மொழிச் சாசனம், நம்மவர் வாயில் 'பில் 101', அப்படி வைத்தது. அரசு உதவி பெறும் ஆங்கிலப் பள்ளிக்குப் போகத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். கனடியக் குடிமகனான தாயோ தகப்பனோ தொடக்கக் கல்வியின் பெரும்பகுதியைக் கனடாவில் ஆங்கிலத்தில் படித்திருக்க வேண்டும். கொழும்பிலோ சென்னையிலோ ஆங்கில மீடியத்தில் படித்தது கணக்கில் வராது. ஆங்கிலம்தான் தாய்மொழி என்பதும் இங்கே போதாது. தகுதி உள்ளவர்கள் பிள்ளையைப் பிரெஞ்சுப் பள்ளிக்கே அனுப்பினாலும் சான்றிதழை எடுத்து வைப்பது நல்லது, அந்த உரிமை பேரப்பிள்ளைகளுக்கும் போகும்.

தற்காலிக விசாவில் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பள்ளி அனுமதி முன்பு புதுப்பிக்கத்தக்கதாக இருந்தது. 2022இல் அந்தச் சாசனத்தைத் திருத்திய பில் 96க்குப் பிறகு பொதுவாக 3 வருடம் மட்டும். அரசு உதவி பெறாத தனியார் ஆங்கிலப் பள்ளிக்குச் சான்றிதழ் வேண்டாம், ஆனால் கட்டணம் கையைக் கடிக்கும். பிரெஞ்சுப் பள்ளிகளிலும் தரம் 1 முதல் ஆங்கிலம் ஒரு பாடமாக இருக்கிறது. புதிதாக வந்து பிரெஞ்சே தெரியாத பிள்ளைகளுக்கு வரவேற்பு வகுப்புகள் உண்டு.

ஒன்ராறியோவிலிருந்து மொன்றியலுக்குக் குடிபெயரும் குடும்பம் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்து, பிள்ளை கனடாவில் படித்ததில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் என்றால், அந்தப் பிள்ளைக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கலாம். பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் குடியுரிமைச் சான்று, ஒவ்வொரு வருடமும் எந்த மொழியில் படித்தது என்பதைக் காட்டும் பள்ளிக் கடிதங்கள் ஆகியவற்றைப் பழைய பள்ளியில் கேட்டு வாங்கிக்கொண்டு புறப்படுங்கள். விண்ணப்பத்தைப் புதிய ஊரின் ஆங்கிலக் கல்விச் சபை வழியாக மாகாணக் கல்வி அமைச்சுக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.