துண்டு விழும் வீடு: நெகட்டிவ் கேஷ் ஃப்ளோ

வாடகைக்கு விட்ட வீட்டிலிருந்து கைக்கு வருவதைவிட அந்த வீட்டுக்காகக் கையிலிருந்து போவது அதிகமானால் அது நெகட்டிவ் கேஷ் ஃப்ளோ. இதை 'எதிர்மறைப் பணப்புழக்கம்' என்று எழுதுவதுண்டு. பொருந்தவில்லை. புழக்கம் என்றால் பணம் ஊருக்குள் கைமாறிச் சுற்றுவது. இங்கே பேச்சு ஒருவருடைய வரவு, செலவைப் பற்றி.

கேஷ் என்ற சொல் நம் காசிலிருந்து போனது என்று பெருமையாகச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. ஆங்கில அகராதியில் இரண்டு கேஷ் உண்டு. ரொக்கத்தைக் குறிப்பது, பெட்டி என்று பொருள்படும் இலத்தீன் 'காப்சா'விலிருந்து வந்தது. முதலில் பணப்பெட்டிக்குப் பெயர், அப்புறம் உள்ளே இருந்த பணத்துக்கு. கீழை நாட்டுச் சில்லறை நாணயத்தைக் குறிக்கும் மற்றொரு கேஷ்தான், போர்த்துகீசியர் வழியாகப் போன நம் காசு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வரும் காசோ பொற்காசு. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது 12.5 சதவீதம். இன்றைய வீட்டுக்கடன் அதைவிட மலிவுதான்!

ஃப்ளோவுக்கு இலங்கைக் கணக்கியலில் நல்ல சொல் இருக்கிறது: காசுப்பாய்ச்சல். முறை வைத்துத் தண்ணீர் விடும் டெல்டாக்காரருக்கு இது உடனே பிடிபடும். எவ்வளவு வருகிறது என்பதோடு எப்போது வருகிறது என்பதும் பாய்ச்சலில் அடங்கும்.

நெகட்டிவுக்கு 'எதிர்மறை' பாடப்புத்தகத்தில் இருக்கட்டும். வீட்டுக்கணக்கில் நாம் சொல்வது 'துண்டு விழுது'. கொஞ்சம் கடுப்பாக, 'கையைக் கடிக்குது'. என் ஓட்டு துண்டு விழுதலுக்கே. நட்டம் வேறு. மாதத் தவணையில் அசலுக்குப் போகும் பகுதி நட்டமாகாது, வீட்டில் சேர்ந்துவிடுகிறது. ஆனாலும் அந்த மாதம் அது நம் கையிலிருந்து போனதுதான்.

தஞ்சாவூரில் 40 லட்சத்துக்கு ஒரு வீடு, வாடகை 12,000 என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் தவணை சுமார் 27,000. வீடு ஆண்டில் ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று கொண்டால் வாடகை சராசரி 11,000. வீட்டு வரி, சுண்ணாம்பு, மோட்டார் ரிப்பேர் என்று மாதம் 2,000 ஒதுக்கினால் மிச்சம் 9,000. மாதாமாதம் 18,000 துண்டு. அதே 9,000 தாங்கும் கடன் 10 லட்சம்தான். ஆக, வாடகையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் கடனை முடிவு செய்ய வேண்டும். வங்கி எவ்வளவு தரும் என்பதிலிருந்து அல்ல. மீதியைக் கைப்பணமாகப் போட முடியாதென்றால் விலை குறைந்த வீடு பார்க்கலாம்.

2028 மகாமகத்தை நம்பிக் கும்பகோணத்தில் வீடு வாங்குவதும் அப்படித்தான்: கூட்டம் சில நாள், தவணை 240 மாதம்.

வாடகைக்குப் பழைய பெயர் குடிக்கூலி. அது வேண்டாமென்று, மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு மாத வாடகையில்லாமல் ஒத்திக்கு விடுகிறவர்களும் உண்டு. மாத வரவு நின்றுபோகும். வந்த மொத்தத் தொகையைக் கடன் அசலில் கட்டித் தவணையைக் குறைக்கலாம். ஆனால் ஒத்திக் காலம் (மூன்று வருடம் என்று வைத்துக்கொள்வோம்) முடிந்ததும் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். அதற்கு வழி வைக்காவிட்டால் மூன்று வருடத் துண்டு ஒரே நாளில் விழும்.