கை நடுங்கினாலும் கோடு நடுங்காதது எப்படி?

வெக்டர் மென்பொருளில் (படத்தைப் புள்ளிப் புள்ளியாக அல்லாமல் கோடுகளின் கணக்காகச் சேமிக்கும் மென்பொருளில்) படம் வரையப் பழகும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பென்சில் கருவியால் ஒரு வளைவு வரைந்தேன். கை நடுங்கியதால் கோடு கோணல்மாணலாக வந்தது. சுட்டியின் பொத்தானை விட்டதும் அதே கோடு வழவழவென்று மாறிவிட்டது. நான் எதை வரைய நினைத்தேன் என்று கணினிக்கு எப்படித் தெரிந்தது?"

கணினிக்குத் தெரியாது. தெரியாமலேயே அது சரியாகச் செய்துவிடுகிறது என்பதுதான் எனக்கு இன்றும் தீராத வியப்பு.

முதலில் கை. எல்லார் கையும் நடுங்கும். உடல்நலம் உள்ள, தேர்ந்த ஓவியரின் கையும் நொடிக்கு 8 முதல் 12 முறை மிக நுண்மையாக அதிர்கிறது. அது உடலின் இயல்பு. 'பிறவிக் கை', 'கைராசி' என்றெல்லாம் சொல்லிப் பிள்ளைகளை வரைவதிலிருந்து ஒதுக்கிவைப்பவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. நடுங்காத கையோடு யாரும் பிறப்பதில்லை.

சாதாரண யூஎஸ்பி சுட்டி தான் எவ்வளவு நகர்ந்தது என்பதை நொடிக்கு 125 முறை கணினிக்குச் சொல்லும். 1.6 நொடியில் ஒரு வளைவை இழுத்தால் 200 புள்ளிகள் சேரும். கூடவே ஏறத்தாழ 16 அதிர்வுகளும் பதிவாகிவிடும். அந்தப் புள்ளிகளை வரிசையாக இணைத்தால் கிடைப்பதுதான் வாசகி முதலில் பார்த்த கோணல் கோடு.

மென்பொருள் அந்த 200 புள்ளிகளை வைத்துக்கொள்வதில்லை. அவற்றுக்குப் பதிலாக ஒரு பெசியே வளைகோட்டைத் தேடுகிறது. அந்த வளைகோட்டின் ஒரு துண்டுக்கு இரு முனைகளிலும் ஒவ்வொரு கணு, அதாவது கோடு கடந்தே தீர வேண்டிய புள்ளி. ஒவ்வொரு கணுவிலும் ஒரு கைப்பிடி, அதாவது அங்கிருந்து நீளும் ஒரு சிறு நேர்கோடு. கைப்பிடி காட்டும் திசையில் கோடு புறப்படும். கைப்பிடி நீளமாக இருந்தால், அந்தத் திசையிலேயே அதிக தூரம் போன பிறகுதான் திரும்பும்.

இந்த வளைகோடு கார்களின் உடலை வடிவமைக்கப் பிறந்தது. பிரெஞ்சுக் கார் நிறுவனமான சித்ரோவனில் 1959இல் கணிதவியலாளர் தெ காஸ்டெல்ஷோ இதைக் கண்டறிந்தார். நிறுவனம் வெளியே சொல்லவில்லை. இன்னொரு பிரெஞ்சுக் கார் நிறுவனமான ரெனோவில் பணியாற்றிய பியேர் பெசியே 1960களில் தனியாக இதே இடத்துக்கு வந்து, கட்டுரைகளாகவும் வெளியிட்டார். பெயர் அவருக்குப் போயிற்று. அடியில் இருக்கும் கணிதமோ, செர்கேய் பெர்ன்ஸ்டைன் 1912இல் ஒரு தேற்றத்தை நிறுவுவதற்காக எழுதிய பல்லுறுப்புக்கோவைகள். "இதனால் என்ன பயன்?" என்று கேட்டுத் தூய கணிதத்துக்கு நிதி மறுப்பவர்கள், 1912க்கும் 1959க்கும் இடையில் எத்தனை ஆண்டுகள் என்று ஒருமுறை கழித்துப் பார்க்கட்டும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. புள்ளிகளுக்குப் பொருந்தும் வளைகோட்டைக் கண்டுபிடிக்க 1990இல் பிலிப் ஷ்னைடர் ஒரு வழிமுறையை வெளியிட்டார். இங்க்ஸ்கேப் உள்ளிட்ட வெக்டர் மென்பொருள்களில் இன்றும் இயங்குவது அதுதான்.

ஒரு துண்டைத் தீர்மானிக்க இரு கணுக்களும் இரு கைப்பிடிகளின் நுனிகளுமாக நான்கு புள்ளிகள், அதாவது எட்டு எண்கள் வேண்டும். ஆனால் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பது நமக்கு முன்பே தெரியும். நான்கு எண்கள் தீர்ந்தன. முனைகளின் அருகில் உள்ள புள்ளிகளைப் பார்த்தால் கோடு எந்தத் திசையில் புறப்பட்டது, எந்தத் திசையில் வந்து சேர்ந்தது என்பதும் தெரிந்துவிடும். மிஞ்சுவது இரண்டே எண்கள்: இரு கைப்பிடிகளின் நீளம். ஒவ்வொரு புள்ளியும் வளைகோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து, வர்க்கப்படுத்திக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும் நீளங்களைத் தேட வேண்டும். வர்க்கப்படுத்தியதால் அது இரண்டு ஒருங்கமைச் சமன்பாடுகளாகச் சுருங்கிவிடுகிறது. பள்ளியில் நாம் எல்லோரும் தீர்த்த அதே இரண்டு சமன்பாடுகள்!

ஒரு சிக்கல் உண்டு. 57ஆம் புள்ளி வளைகோட்டின் எந்த இடத்துக்கு உரியது? முதலில், கோட்டின் வழியே கடந்த தூரத்தை வைத்து 0 முதல் 1 வரை ஓர் எண்ணை அந்தப் புள்ளிக்கு உத்தேசமாகக் கொடுக்கிறார்கள். வளைகோடு கிடைத்ததும் ஒவ்வொரு புள்ளியும் தனக்கு மிக அருகில் உள்ள இடத்தை நியூட்டன்-ராப்சன் முறையில் (உத்தேச விடையைப் படிப்படியாகத் திருத்தி நெருங்கும் முறை) தேடித் தன் எண்ணைத் திருத்திக்கொள்கிறது. திருத்திய எண்களோடு கைப்பிடிகளை மறுபடி கணக்கிடுகிறார்கள். புள்ளிகளை நோக்கி வளைகோடும், வளைகோட்டை நோக்கிப் புள்ளிகளின் எண்களும் மாறி மாறி நகர்ந்து, சில சுற்றுகளில் படிந்துவிடுகின்றன.

அப்படியானால் நடுக்கம் எங்கே போயிற்று? யாரும் அதை அழிக்கவில்லை. ஒரு பெசியே துண்டால், இடப்பக்க வளைவிலிருந்து வலப்பக்க வளைவுக்கோ திரும்பவோ, இரண்டு முறைக்கு மேல் மாற முடியாது. 16 அதிர்வுகளைப் பின்பற்ற முப்பது முறைக்கும் மேல் மாற வேண்டும். அந்த வளைகோட்டுக்கு நடுங்கத் தெரியாது. அதனால் அதிர்வுகளின் நடுவே ஊடுருவிப் போகிறது. அந்த இயலாமையைத்தான் நாம் வழவழப்பு என்கிறோம்.

ஒரே துண்டு போதாமல் ஏதேனும் ஒரு புள்ளி அனுமதித்த அளவைத் தாண்டி விலகினால், மிக அதிகமாக விலகிய புள்ளியில் ஒரு கணுவை வைத்துக் கோட்டை இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் அதே கணக்கைத் தொடக்கத்திலிருந்து செய்கிறார்கள். இரு துண்டுகளுக்கும் அந்த இடத்தில் ஒரே திசை தரப்படுவதால் ஒட்டுப்போட்டது கண்ணுக்குத் தெரியாது. 'ஸ்மூத்திங்' என்று கருவிப்பட்டையில் இருப்பது இந்த அனுமதி அளவுதான். மிகக் குறைத்தால் துண்டுகள் பெருகி, உங்கள் நடுக்கத்தையும் உண்மையாகப் பிரதி எடுத்துவிடும். மிகக் கூட்டினால் நீங்கள் வேண்டுமென்றே வரைந்த 'ப'வின் இரு மூலைகளும் மழுங்கும். மூலையையும் நடுக்கத்தையும் பிரித்தறிய இந்தக் கணக்குக்குத் தெரியாது. கூரான மூலை வேண்டும் என்றால் அங்கே கோட்டை நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

வாசகிக்கு இன்னொன்று. ஒரு வளைவை 4 நொடி எடுத்து மெதுவாக இழுத்தால் ஏறத்தாழ 40 அதிர்வுகள் அதில் ஏறும். அரை நொடியில் இழுத்தால் ஐந்துதான். கவனமாக, மெல்ல வரைந்தால் கோடு நேர்த்தியாக வரும் என்று நினைப்பது இங்கே பொய்த்துப்போகிறது. ஒரே வளைவை இரண்டு வேகங்களிலும் வரைந்துவிட்டு, கணுக் கருவியால் சொடுக்கி, எதில் எத்தனை கணுக்கள் விழுந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.