"அந்தக் காலம் அப்படி" என்று போஸ்டரில் எழுத விடாதீர்கள்

இந்த வாரம் திருத்த வந்த போஸ்டர்களில் ஒன்பது ஒரே மாதிரி இருக்கின்றன. ஆண்ட்ரூ ஜாக்சனின் முகத்துக்கு நடுவே ஒரு கோடு. இடது பாதிக்குத் தங்க நிறம், வலது பாதிக்குச் சிவப்பு. ஒரு பக்கம் "நாயகன்", இன்னொரு பக்கம் "வில்லன்". கீழே தவறாமல் ஒரு வரி: "அவர் அந்தக் காலத்து மனிதர், அந்தக் காலம் அப்படி."

நான் அமெரிக்காவில் நடுநிலைப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் 8-ஆம் வகுப்புக்கு இந்த வேலையைக் கொடுப்பேன்: 1829 முதல் 1837 வரை பதவியில் இருந்த 7-ஆவது குடியரசுத் தலைவரை ஒரே படத்தில் மதிப்பிட வேண்டும். வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. அந்தக் கடைசி வரி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "அப்பா சொன்னார் மிஸ்" என்கிறார்கள். அப்படிச் சொல்லிக்கொடுத்த அப்பா அம்மாக்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். இன்றைய அளவுகோலை வைத்து அன்றைய ஆளை அளக்கக் கூடாது என்பது உங்கள் வாதம். சரி, அன்றைய அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்ப ஜாக்சன் விரும்பிய சட்டம் 1830-இல் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 102, எதிர்ப்பு 97. மூன்று பேர் மாற்றி வாக்களித்திருந்தால் மசோதா தோற்றிருக்கும். செனட்டில் நியூ ஜெர்சியின் தியோடர் ஃப்ரீலிங்ஹைசன் இதை எதிர்த்து மூன்று நாட்களில் ஆறு மணி நேரம் பேசினார். ஜாக்சனின் சொந்த மாநிலமான டென்னசியிலிருந்து வந்தவர், ஒரு காலத்தில் ஜாக்சனின் படையில் இருந்தவர், டேவி கிராக்கெட். அவரும் பிரதிநிதிகள் சபையில் எதிர்த்தே வாக்களித்தார், அடுத்த தேர்தலில் தோற்றுப்போனார். பெண்களுக்கு வாக்குரிமையே இல்லாத நாட்கள் அவை. அப்போதும் கேத்தரின் பீச்சர் விடுத்த அழைப்பைக் கேட்டுப் பெண்கள் ஊர் ஊராகக் கையெழுத்து திரட்டி நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள்.

இவர்கள் எல்லாரும் எந்தக் காலத்து மனிதர்கள்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "அந்தக் காலம்" என்று நாம் சொல்லும்போது அதற்குள் அந்தப் பூர்வகுடிகளில் ஓர் இனமான செரோக்கி மக்களைச் சேர்ப்பதே இல்லை. அவர்களும் அதே காலத்தில்தான் வாழ்ந்தார்கள். 1827-இல் தங்களுக்கென்று அரசியல் சாசனம் எழுதினார்கள். 1828-இல் நியூ எக்கோட்டாவில், சீக்வோயா உருவாக்கிய எழுத்தில், தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலுமாகச் செய்தித்தாள் நடத்தினார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய், அவர்கள் நிலத்தில் ஜார்ஜியா மாநிலத்தின் சட்டம் செல்லாது என்ற தீர்ப்பு 1832-இல் வரும்படி செய்தார்கள். அப்புறம், தலைவர் ஜான் ராஸின் ஒப்புதல் இல்லாமல் ஒரு சிறு குழு, நிலத்தை விட்டு மேற்கே போகச் சம்மதிக்கும் ஒப்பந்தத்தில் 1835-இல் கையெழுத்துப் போட்டது. அதை எதிர்த்து ஏறக்குறைய 15,000 பெயர்களோடு மனு போனது. செனட்டில் ஒப்பந்தம் நிறைவேறியது, ஆனால் ஒருவர் மாற்றி வாக்களித்திருந்தாலும் தோற்றிருக்கும். தவறு என்று அன்றைக்கே அத்தனை பேர் சொன்ன ஒன்றை, அன்று யாருக்கும் தெரியாது என்று 13 வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி கொண்டுவந்த படம் இன்னும் என் வகுப்புச் சுவரில் இருக்கிறது. அதில் ஜாக்சனே இல்லை. சாம்பல் நிறத் தாள் முழுக்கப் பென்சிலால் வரைந்த உயர்த்திய கைகள். எண்ணிப் பார்த்தேன், சரியாக 97. ஒரு கையின் சட்டை மடிப்பில் மட்டும் பொடி எழுத்தில் "டென்னசி". அந்த மாநிலத்திலிருந்து எதிர்த்தது ஒருவர்தான் என்பதை அவளே தேடிக் கண்டுபிடித்திருந்தாள். படம் வரையப் பெரிதாகத் தெரியாத பிள்ளை. பாதிக் கைகளில் விரல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். முழு மதிப்பெண் கொடுத்தேன், இன்று கேட்டாலும் கொடுப்பேன்.

பாதிக்குப் பாதி பிரிப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. தென் கரோலினா மத்தியச் சட்டத்தை மதிக்க மாட்டேன் என்றபோது ஜாக்சன் நாட்டை உடையவிடாமல் நின்றார். 1835-இல் தேசியக் கடனை முழுக்க அடைத்தார். வரையட்டும், தாராளமாக வரையட்டும். ஆனால் செரோக்கிகள் வெளியேற்றப்பட்டபோது சுமார் 4,000 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். கடன் அடைத்ததையும் அதையும் தராசின் இரண்டு தட்டில் வைத்து முள் நடுவில் நிற்பதாக வரைந்தால், அந்தப் பிள்ளை எதையும் எடைபோடவில்லை, தாளை மட்டும் மடித்திருக்கிறது.

இனி, படம் வரைய உட்காருமுன் பார்க்க வேண்டியவை.

தேதியைப் பாருங்கள். பனியில் நடக்கும் செரோக்கிகளைக் குதிரைமேல் ஜாக்சன் விரட்டுவதாக வரையாதீர்கள். அது 1838-39. ஜாக்சன் அப்போது டென்னசியில் தன் ஹெர்மிடேஜ் பண்ணையில் இருந்தார். பதவியில் இருந்தவர் வான் பியூரன். ஜாக்சன் ஆட்சியிலேயே நடந்ததை வரைய வேண்டுமா, 1831-இல் தொடங்கிய, இன்னொரு பூர்வகுடியான சாக்டா மக்களின் வெளியேற்றம் இருக்கிறது.

இறகுக் கிரீடமும் கூம்புக் கூடாரமும் வேண்டவே வேண்டாம். அவை சமவெளிப் பழங்குடிகளுடையவை. செரோக்கி ஆண்கள் தலைப்பாகை கட்டினார்கள், மரவீடுகளில் வாழ்ந்தார்கள்.

"மார்ஷல் தீர்ப்புச் சொல்லிவிட்டார், அவரே அமல்படுத்தட்டும்" என்று, 1832 தீர்ப்பைச் சொன்ன தலைமை நீதிபதியைப் பற்றி ஜாக்சன் வாயில் போடும் வசனமும் வேண்டாம். அவர் அப்படிச் சொன்னதற்கு அக்காலத்து ஆதாரம் இல்லை.

கிரீடம் வைத்த ஜாக்சன் கார்ட்டூனை இறக்கி ஒட்டாதீர்கள். அது தேசிய வங்கியை ஜாக்சன் எதிர்த்த சண்டையில் எதிர்க்கட்சிக்காரர்கள் வெளியிட்டது. அதற்குக் கீழே கண்ணீர்ப் பாதை, அதாவது செரோக்கிகள் வெளியேற்றப்பட்ட பயணம், பற்றி எழுதினால் படம் ஒன்று சொல்லும், எழுத்து வேறொன்று சொல்லும்.

அடிமைத்தனத்தை ஒரு சங்கிலி வரைந்து முடித்துவிடாதீர்கள். 1804-இல், தப்பியோடிய ஒருவரைப் பிடிக்க ஜாக்சன் கொடுத்த செய்தித்தாள் விளம்பரம் கிடைக்கிறது. 300 வரை, ஒவ்வொரு 100 கசையடிக்கும் 10 டாலர் கூடுதலாகத் தருவேன் என்று அதில் இருக்கிறது. பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து அதைப் படியுங்கள். தயவுசெய்து படியுங்கள். பிறகு பென்சிலைப் பிள்ளையிடமே விட்டுவிட்டு எழுந்துவிடுங்கள். பெரியவர் கை போட்ட கோடு எனக்குத் தெரியும்.

ஒன்பது போஸ்டர்களையும் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. அதே படத்தில் கோட்டை அழித்துவிட்டுக் கொண்டுவர வேண்டாம். புதுத் தாள் என் அலமாரியின் இரண்டாவது தட்டில் இருக்கிறது, கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம்.