ஹஸ்ரத் அடித்த இடம் நரகத்தில் எரியாதா?

"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க ஹஸ்ரத்." பள்ளிவாசல் மதரஸாவில் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் ஹஸ்ரத் யாராக இருந்தாலும் இதைக் கேட்டிருப்பார். பிள்ளை மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார்கள். சில அத்தாமார் (அப்பாக்கள்) பிரம்பையே வாங்கி வந்து கொடுப்பார்கள். இத்தனை காலமும் சிரித்து மழுப்பி வந்தேன். இந்த மாதம் வந்து சேர்ந்த ஒரு பையனைப் பார்த்த பிறகு சிரிக்க முடியவில்லை.

ஏழு வயதுப் பையன். வேறோர் ஊரில் ஓதிக்கொண்டிருந்தவன். எழுத்தைக் காட்டுவதற்காகத்தான் விரலை நீட்டினேன். உடனே இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து என் முன்னால் நீட்டிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டான். நான் இன்னும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "கையை மடக்குத்தா" என்றேன். மடக்கவில்லை. மடக்கினால் கூடுதலாக விழும் என்று எங்கோ பழக்கப்பட்டிருக்கிறான்.

அவன் அம்மாவிடம் கேட்டேன். "ஹஸ்ரத் அடிச்ச இடம் நரகத்துல எரியாதுன்னு எங்க நன்னி சொல்லும்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

அந்தப் பேச்சு குர்ஆனில் இல்லை, நபிமொழியான ஹதீஸிலும் இல்லை. பிள்ளையின் வலியை ஆற்ற ஏதோ ஒரு பாட்டி சொல்லி வைத்தது மார்க்கமாகிவிட்டது. நரகம் யாருக்கு, சொர்க்கம் யாருக்கு என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை அல்லாஹ் எந்த ஹஸ்ரத்தின் பிரம்பிலும் கட்டி வைக்கவில்லை.

அடுத்ததாக எல்லோரும் எடுத்துப் போடும் ஹதீஸ் ஒன்று உண்டு. ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள், பத்து வயதில் தொழாவிட்டால் அடியுங்கள் என்பது. அபூதாவூத் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது, நானும் ஓதியிருக்கிறேன். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பேச்சு தொழுகையைப் பற்றியது, எழுத்துக் கூட்டி ஓதுவதைப் பற்றியதல்ல. ஏழுக்கும் பத்துக்கும் நடுவில் மூன்று வருடம் இருக்கிறது. நாளைக்கு ஐந்து வேளை என்றால் ஐயாயிரம் தடவைக்கு மேல் அன்பாகக் கூப்பிட வேண்டிய காலம் அது. அந்த ஐயாயிரத்தையும் தாண்டிக் குதித்து, நேரே கடைசி வார்த்தையில் போய் நிற்கிறோம். அங்கும் காயமோ தழும்போ படக் கூடாது, முகத்தில் கை வைக்கவே கூடாது என்று மார்க்கச் சட்ட அறிஞர்கள் எல்லை போட்டிருக்கிறார்கள். அதை யாரும் எடுத்துப் போடுவதில்லை.

சிறு வயதில் வந்து பத்து வருடம் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தவர் அனஸ் (ரலி). ஒரு தடவைகூட 'சீ' என்று என்னைச் சொன்னதில்லை என்கிறார். பள்ளிவாசலுக்குள்ளேயே சிறுநீர் கழித்த கிராமத்து மனிதரைத் தோழர்கள் பிடிக்க ஓடியபோது, அவரை விடுங்கள், அந்த இடத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள் என்றார்கள் நபியவர்கள். திக்கித் திணறி ஓதுகிறவருக்கு இரண்டு கூலி என்றும் சொன்னார்கள். அந்த இரண்டு கூலியைத்தான் நம் மதரஸாக்கள் சிலவற்றில் பிரம்பால் எண்ணிக் கொடுக்கிறார்கள்.

14ஆம் நூற்றாண்டிலேயே வரலாற்று அறிஞர் இப்னு கல்தூன் தம் 'முகத்திமா' நூலில் இதை எழுதிவிட்டார்: கடுமையால் வளர்க்கப்படும் பிள்ளை சோம்பலையும் பொய்யையும் கற்றுக்கொள்ளும், தண்டனைக்குப் பயந்து உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக நடிக்கும் என்று. நடிப்பவனுக்கு எப்படி ஈமான் (இறைநம்பிக்கை) வரும்?

சரி, தொழில் விஷயத்துக்கு வருகிறேன். ஆறு ஏழு வயதில்தான் பிள்ளைகளுக்கு முன்பல் விழுகிறது. அரபியில் ஸா, தால், ழா மூன்றும் மேல் முன்பற்களின் நுனியில் நாக்கு பட்டு வர வேண்டிய எழுத்துகள். ஃபாவுக்கு மேல் பல் கீழுதட்டைத் தொட வேண்டும். பல்லே இல்லாத பிள்ளை எங்கே போவான்? மேலே சொன்ன பையனுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. மக்ரஜ் (எழுத்து பிறக்கும் இடம்) சரியில்லை என்று அடி வாங்கியிருக்கிறான்! பல் முளைக்கட்டும், எழுத்து தானாக வரும்.

இன்னொன்று புள்ளி. பா, தா, ஸா மூன்றுக்கும் உடம்பு ஒன்றுதான். ஒன்றுக்குக் கீழே ஒரு புள்ளி, மற்றதற்கு மேலே இரண்டு, அடுத்ததற்கு மூன்று. பார்வை மங்கலான பிள்ளைக்கு அந்தப் புள்ளிகள் தெரியவே தெரியாது. கிதாபை முகத்தோடு ஒட்டிவைத்து ஓதுகிறானா? முதலில் கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். கண்ணும் நன்றாக இருந்து, பள்ளிக்கூடப் பாடத்திலும் எழுத்துகள் குழம்பினால் கற்றல் குறைபாடு இருக்கலாம். அதற்கும் பரிசோதனை உண்டு, பயிற்சி உண்டு. காதோடு சேர்த்து அறைவது மட்டும் வேண்டவே வேண்டாம். செவிப்பறை கிழிந்துபோகலாம்.

பள்ளிவாசலை நடத்தும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒன்று. மதரஸாவுக்குச் சட்டம் பொருந்தாது என்று சிலர் தைரியமாகப் பேசுகிறார்கள். பாதிதான் உண்மை. பள்ளிகளில் அடிப்பதைத் தடுக்கும் 2009 கல்வி உரிமைச் சட்டத்திலிருந்து 2012 திருத்தம் மதரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் வெளியே வைத்தது. ஆனால் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு இருக்கிறது. பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்கித் தேவையற்ற உடல், மன வேதனைக்கு உள்ளாக்கினால் மூன்று ஆண்டு வரை சிறை. அடிக்கிற இடம் பள்ளிவாசல் என்பதற்காக அது விலகி நிற்காது. அப்புறம், ஒரே ஹஸ்ரத்தை இமாமாகவும் நிறுத்தி, பாங்கும் சொல்ல வைத்து, நாற்பது பிள்ளைகளையும் அவர் தலையில் கட்டிவிட்டு, கையில் பிரம்பு ஏன் என்று கேட்பதும் நியாயமில்லை. இன்னோர் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்குங்கள். வகுப்பறைக் கதவைத் திறந்தே வைக்கச் சொல்லுங்கள்.

பெற்றோரே, மாதத்தில் ஒரு நாளாவது வகுப்பில் வந்து உட்காருங்கள். ஹஸ்ரத் மறுத்தால் ஏன் என்று கேளுங்கள். பிள்ளை திடீரென்று ஓதப் போக மாட்டேன் என்று அழுதால் 'ஷைத்தான் வேலை' என்று முடித்துவிடாமல், குளிப்பாட்டும்போது தொடை, முதுகு, உள்ளங்கையைப் பாருங்கள். தடம் இருந்தால் நிர்வாகத்திடம் போங்கள். அவர்கள் மூடி மறைத்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள், அது கட்டணமில்லாத எண். வீட்டில் சேட்டை செய்கிறவனை 'ஹஸ்ரத்துகிட்டச் சொல்லிருவேன்' என்று மிரட்டுவதையும் தயவுசெய்து விடுங்கள். எங்களைப் பூச்சாண்டியாக்கிவிட்டு, எங்கள் வாயிலிருந்து வரும் அல்லாஹ்வின் பெயர் மட்டும் பிள்ளைக்கு இனிக்க வேண்டும் என்றால் எப்படி?

அஸர் (மாலைத் தொழுகை) முடிந்த பிறகு வரும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வருகிறார்கள். பாதிப் பேர் மத்தியானம் சாப்பிட்டதோடு சரி. பசித்த வயிற்றுக்கு முதல் எழுத்து அலிஃபும் ஒன்றுதான், கடைசி எழுத்து யாவும் ஒன்றுதான். ஒரு வாழைப்பழமாவது கொடுத்து அனுப்புங்கள்.