கிரவலில் வென்றவர் தாரில் ஏன் விழுகிறார்? பந்தயத் தொடர் மாறும்போது மாறுபவை

"அண்ணை, இந்த முறை மண்ணை விட்டிட்டு சேர்க்கிற்றுக்குப் போவம் எண்டு யோசிக்கிறன். எஞ்சினைக் கொஞ்சம் ஏத்தித் தாங்கோ."

மல்லாவி, நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கமிருந்து கராஜுக்கு வரும் பெடியளின் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். கிரவல் வீதியில் மோட்டார்சைக்கிள் பழகியவர்கள். பின் சில்லு வழுக்கினால் பதற மாட்டார்கள், அது அவர்களுக்குக் கைவந்த வித்தை. ஆனால் மண்ணிலிருந்து தாருக்கு மாறும்போது கடைசியாகத் தொட வேண்டிய பொருள்தான் எஞ்சின். அதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய உண்டு.

அதற்கும் முன்னால் ஒரு தப்பெண்ணம். ஓட்டுநர் ஒருவர் ஒரு தொடரை விட்டு இன்னொன்றுக்குப் போனால், "தோத்துப் போய் மாறிட்டான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். பல நேரங்களில் அது பொய்க்கணக்கு.

ஃபோர்முலா 1 இல் 2025 வரை 20 இருக்கைகள்தான். கடிலாக் வந்ததால் 2026 இல் 22. உலகம் முழுவதிலுமிருந்து வரும் ஓட்டுநர்களுக்கு அவ்வளவுதான் இடம். அதில் ஏறுவதற்கு 'சுப்பர் லைசென்ஸ்' வேண்டும். அதற்கு மூன்று பருவங்களில் 40 புள்ளி சேர்க்க வேண்டும், எந்தத் தொடரில் எத்தனையாம் இடம் வந்தால் எத்தனை புள்ளி என்பதற்கு அட்டவணை இருக்கிறது. அமெரிக்காவின் இண்டிகார் தொடரில் ஒன்பது வெற்றி பெற்ற கோல்ட்டன் ஹேர்ட்டா, 2026 இல் ஃபோர்முலா 1 க்கு ஒரு படி கீழான ஃபோர்முலா 2 க்கு இறங்கி வந்தது இந்தக் கணக்கால்தான். வெளியிலிருந்து பார்த்தால் அது இறக்கம், புள்ளி அட்டவணையை வைத்துப் பார்த்தால் ஏணி. இன்னொரு விதியும் இருக்கிறது: ஃபோர்முலா 2 சம்பியன் ஆனவர் திரும்ப அதே தொடரில் ஓட முடியாது. மேலே இடமில்லாவிட்டால் பக்கத்தில்தான் போக வேண்டும்.

நெடுந்தூரக் கார்ப் பந்தயத்தில் வேறொரு கணக்கு. அங்கே ஓட்டுநர்களைப் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். உலகத் தொடரின் எல்எம்ஜிடி3 பிரிவில் (வீதி ஸ்போர்ட்ஸ் காரைப் பந்தயத்துக்கு மாற்றிய ஜிடி3 கார்கள் ஓடுவது) ஒவ்வொரு காரிலும் வெண்கலத் தரத்தவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அவர் பெரும்பாலும் தன் பணத்தைக் கொண்டுவருபவர், அவருக்குப் பக்கத்தில் சம்பளம் வாங்கும் தொழில்முறை ஓட்டுநர் அமர்வார். ஃபோர்முலா கார்களில் இடம் இழந்த பலர் இங்கே வந்து நிலையான வருமானம் காண்பது இதனால்தான். நடிகர் அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் பந்தயத்தில் பொர்ஷ 992 பிரிவில் மூன்றாவதாக வந்தபோது எங்கள் பக்கமும் பெடியள் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2010 இல் ஃபோர்முலா 2 ஓடியவர் அவர். தனியொருவராக ஓடும் குறும்பந்தயத்திலிருந்து, பலர் மாறி மாறி ஓட்டும் நெடும்பந்தயத்துக்கு வந்திருக்கிறார். பிரான்சின் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தில் ஒரு ஓட்டுநர் ஆறு மணித்தியாலத்துக்குள் நான்குக்கு மேல் ஓட்டக்கூடாது, மொத்தம் 14 ஐத் தாண்டக்கூடாது. எனவே அங்கே தனிவேகத்தைவிட, பங்காளி விட்டுப்போன ரயரைக் கெடுக்காமல் ஓட்டும் நிதானத்துக்கு விலை அதிகம்.

கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005 இல் ஜோர்டான் அணியோடு ஃபோர்முலா 1 க்குள் நுழைந்தவர். அதன் பிறகு ஏ1 ஜிபி, அமெரிக்காவின் நாஸ்கார் ட்ரக், ஜப்பானின் சுப்பர் ஃபோர்முலா, சுப்பர் ஜிடி என்று ஓடியிருக்கிறார். சென்னை கருண் சந்தோக் ஃபோர்முலா 1 இலிருந்து லு மானுக்கும் பிறகு மின்சாரக் கார்களின் ஃபோர்முலா ஈக்கும் போனார். இவர்களைத் தோற்றவர்கள் என்று சொல்ல எவருக்கும் வாய் வராது.

மாறியவர்களில் உச்சம் ஜோன் சேர்ட்டீஸ். 500 சீசீ மோட்டார்சைக்கிளில் நான்கு முறை உலகச் சம்பியன், 1964 இல் ஃபெராரியில் ஃபோர்முலா 1 சம்பியன். இரண்டிலும் உலகச் சம்பியனானவர் இன்றுவரை அவர் ஒருவரே. ஒருவரே என்பதைக் கவனிக்க வேண்டும். அவ்வளவு கடினம்.

ஏன் கடினம்? கை கால் ஒரு தொடரில் பழகிய பழக்கம் அடுத்த தொடரில் எதிரியாகிவிடுகிறது. 2007 இல் ஃபோர்முலா 1 சம்பியனான கிமி ரைக்கோனன், 2010, 2011 இல் உலக ரலியில் ஓடினார். அவருடைய மிகச்சிறந்த முடிவு 2010 துருக்கியில் ஐந்தாம் இடம். வட்டத்தடத்தில் ஒரே வளைவை ஒருவர் ஐம்பது, அறுபது தடவை எடுக்கிறார். ரலியில் அந்த வளைவை முன்னோட்டத்தில் இரண்டு முறை மெதுவாகப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவர் வாசிக்கும் குறிப்பை நம்பி முழுவேகத்தில் பாய வேண்டும். கண்ணால் ஓட்டிப் பழகியவர் காதால் ஓட்ட வேண்டும்.

கருவி மாறினாலும் அப்படித்தான். ஃபோர்முலா 1 காரில் பவர் ஸ்டியரிங் உண்டு, இண்டிகாரிலும் ஃபோர்முலா 2 இலும் இல்லை. ஜிடி3 காரில் ஏபிஎஸ் பிறேக் உண்டு, ஃபோர்முலாக் கார்களில் இல்லை. மோட்டோ ஜிபியில் காபன் பிறேக் தட்டு, மிஷெலின் ரயர். சுப்பர்பைக்கில் இரும்புத் தட்டு, பிரெல்லி ரயர். காபன் தட்டு நன்றாகச் சூடேறும்வரை பிடிக்காது. இரும்புத் தட்டில் பழகியவர் முதல் சுற்றில் அதே இடத்தில் பிறேக் பிடித்தால் நேரே கல்மணலுக்குள் போவார்.

பெரிய அணிகளுக்கும் சறுக்கும். 2017 இண்டியனாபொலிஸ் 500 இல் 27 சுற்றுகள் முன்னணியில் ஓடிய ஃபோர்முலா 1 சம்பியன் ஃபெர்னாண்டோ அலொன்சோ, 2019 இல் மக்லாரன் அணியின் காரில் அங்கே தகுதிகூடப் பெறவில்லை. அப்போது வெளியான காரணங்களில் ஒன்று, அங்குலக் கணக்கையும் மீற்றர்க் கணக்கையும் மாற்றும்போது விட்ட பிழையால் கார் தரையில் உரசியது. எம்எஃப் 135 உழவு இயந்திரத்தின் அங்குலப் போல்டில் 13 ஆம் இலக்க ஸ்பானரைப் போட்டு மூலையை வழித்தவர்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வராது.

இனி எங்கள் விஷயத்துக்கு வருவோம். இலங்கையில் ஒரே ஆண்டில் பலவகைத் தடங்கள் கிடைக்கின்றன. வவுனியாவிலிருந்து கிட்டிய அநுராதபுரம் சாலியபுரவின் கஜபா சுப்பர்குரொஸ் மண். தியத்தலாவையின் ஃபொக்ஸ் ஹில்லும் மண்தான், ஆனால் மலைநாடு. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை 1934 முதல் நடக்கும் மலையேற்றப் பந்தயம், தார். களுத்துறைப் பக்கம் கட்டுக்குறுந்த, விமான ஓடுபாதை. பண்டாரகமவில் கார்ட்டிங் தடம். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறுபவர் மோட்டார்சைக்கிளையும் உடம்பையும் வேறாக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

முதலில் ரயர். மோட்டோகுரொஸில் (மண் தடப் பந்தயத்தில்) 12 முதல் 14 பிஎஸ்ஐ காற்றுத்தான் விடுவோம், ரயர் நசிந்து மண்ணைப் பற்றட்டும் என்று. தாரில் அந்தக் காற்றோடு வளைந்தால் ரயரின் பக்கச்சுவர் மடிந்து முன்பக்கம் சறுக்கிவிடும். முள்ளு ரயரும் தாரில் உதவாது. முள் வளைந்து, சூடேறி, துண்டு துண்டாகப் பிய்யும். மோட்டோகுரொஸ் வண்டியின் 21 அங்குல முன்சில்லையும் 19 அங்குலப் பின்சில்லையும் கழற்றி இரண்டு பக்கமும் 17 அங்குலச் சில்லுப் போட்டால்தான் தார் ரயர் கிடைக்கும். சூப்பர்மோட்டோக்காரர் செய்வது இதைத்தான், கூடவே முன் பிறேக் தட்டையும் பெரிதாக்குவார்கள்.

தார் ரயரின் காற்றைக் காலையில் நிழலில் அளந்துவிட்டு மறந்துவிடக் கூடாது. சூடு 10 பாகை ஏறினால் ஒன்று தொடக்கம் ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும், பந்தய ஓட்டத்தில் இன்னும் கூட. ரயர் நிறுவனம் தரும் சூட்டு அழுத்தத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, தடத்தை விட்டு இறங்கிய உடனேயே அளந்து சரிசெய்யுங்கள். கிளிநொச்சி மத்தியான வெயிலில் ஒரு பக்கம் படும்படி நிறுத்திய வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் அளவு தவறாகவே காட்டும்.

அடுத்தது சஸ்பென்ஷன். மோட்டோகுரொஸில் ஏறத்தாழ 300 மில்லிமீற்றர் ஓட்டம் (சில்லு மேலும் கீழும் அசையும் தூரம்), ஓட்டுநர் ஏறி இருந்தால் 100 மில்லிமீற்றர் தாழ வேண்டும். தார் வண்டியில் ஓட்டமே 120 அளவுதான், தாழ்வு 30 தொடக்கம் 35. இதை மாற்றாமல் ஓடினால் பிறேக் பிடிக்கும்போது முன்பக்கம் அமுங்கி, பின்சில்லு தரையை விட்டு எழும். உயரத்தைக் குறைத்ததும் சங்கிலியைத் திரும்பப் பார்க்க வேண்டும். முன்பல்லுச் சக்கரம், பின் ஆமின் (பின்சில்லைத் தாங்கும் கையின்) முளை, பின் அச்சு மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும் நிலையில்தான் சங்கிலி அதிகம் இறுகும். அந்த நிலையில் சற்றேனும் தளர்வு இல்லையென்றால் கியர்ப்பெட்டியின் வெளியச்சுப் பெயரிங் போய்விடும்.

பிறேக் எண்ணெயை அலட்சியம் செய்பவர்கள் அதிகம். மண்ணில் பிறேக் அவ்வளவு சூடாகாது, பழைய எண்ணெயே ஓடிவிடும். தாரில் ஒவ்வொரு வளைவுக்கும் முழுப்பிடி. டொட் 4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகையில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் உறிஞ்சிய பிறகு அது 155 வரை இறங்கிவிடும். மாரிகாலம் முழுக்க மூடி திறந்தபடி கராஜ் தட்டில் நின்ற போத்தலை ஊற்றாதீர்கள். எண்ணெய் கொதித்தால் லீவர் கைப்பிடி வரை வரும், வண்டி நிற்காது. ஓட்டத்துக்கு முந்தின நாள் புதுப் போத்தல் உடைத்து, குமிழி போகும்வரை இறக்குங்கள்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்று மெலிந்திருப்பதால் சாதாரண எஞ்சின் ஐந்திலொரு பங்குக்குச் சற்றுக் குறைவான வலுவை இழக்கும். காபுரேற்றர் வண்டியில் பெற்றோல் கலவை செறிந்து, பிளக் கறுத்து, மேல் ஆர்பிஎம்மில் விக்கும். 120 ஆம் இலக்க மெயின் ஜெட் (பெற்றோலை அளந்து விடும் துளை) போட்டிருந்தால் 115, தேவையானால் 112 போடுங்கள். இன்னொரு வேலை இருக்கிறது, பலர் அதை மறக்கிறார்கள்: திரும்பி வன்னிக்கு வந்ததும் பழைய ஜெட்டைத் திரும்பப் போடாமல் முறுக்கினால் கலவை மெலிந்து பிஸ்டன் தலை உருகும். எஞ்சினைக் கெடுப்பது மலை இல்லை, மலையிலிருந்து வந்த அசதி. இன்ஜெக்ஷன் வண்டி தானாகச் சரிசெய்துகொள்ளும். கியருக்கு ஒரு பழைய கணக்கு: முன்பல்லில் ஒன்றைக் குறைப்பதும் பின்பல்லில் மூன்றைக் கூட்டுவதும் ஏறத்தாழ ஒன்றுதான்.

தார் தடங்களில் எண்ணெய் சிந்தினால் பின்னால் வருபவர் விழுவார். எண்ணெய் வடிக்கும் போல்டைக் கம்பியால் பூட்டச் சொல்வார்கள், றேடியேட்டரில் கூலன்ற் இல்லாமல் வெறும் தண்ணீர் கேட்பார்கள். மோட்டோகுரொஸ் ஹெல்மெற்றின் முன்விளிம்பு அதிவேகத்தில் காற்றைப் பிடித்துக் கழுத்தை இழுக்கும். முழுமுக ஹெல்மெற்றும் ஒருதுண்டுத் தோலாடையும் வேண்டும். நடத்துபவர்களின் விதிப்பத்திரத்தை முதலே எடுத்து வாசியுங்கள். பரிசோதனை மேசையில் திருப்பி அனுப்பினால் கட்டணமும் போச்சு, பயணமும் போச்சு.

வண்டியை விட உடம்பின் பழக்கத்தை மாற்றுவது கடினம். மண்ணில் வண்டியைச் சரித்து உடம்பை நிமிர்த்தி, உள்கால் நீட்டி ஓடுவீர்கள். தாரில் எதிர்மாறு: உடம்பு உள்ளே, வண்டி முடிந்தவரை நிமிர்ந்து. மண்ணில் பின்சில்லு வழுக்கினால் அக்சிலரேற்றரைத் தொடர்ந்து முறுக்கியே காப்பாற்றுவீர்கள். தாரில் வழுக்கிய பின் ரயர் திடீரெனப் பற்றினால் வண்டி மறுபக்கம் உதறி ஓட்டுநரை மேலே தூக்கி எறியும். அந்த நேரத்தில் அக்சிலரேற்றரைச் சட்டென்று விடுவதும் அதே பலனைத்தான் தரும். மெல்லக் குறைக்க வேண்டும். முன் பிறேக்கும் அப்படித்தான்: முதலில் மெதுவாகப் பிடித்துப் பாரம் முன்னுக்கு வந்த பிறகே இறுக்க வேண்டும். மண்ணில் பின் பிறேக்கை நம்பி வந்தவர்கள் இதைப் பழகச் சில நாட்கள் பிடிக்கும்.

காருக்கு மாற நினைப்பவர்களுக்குக் கழுத்து முக்கியம். தலையும் ஹெல்மெற்றும் சேர்ந்து ஆறரைக் கிலோ என்றால், 5 ஜி (புவியீர்ப்பைப் போல் ஐந்து மடங்கு விசை) வளைவில் 32 கிலோவுக்கு மேல் பக்கவாட்டில் இழுக்கும். கார்ட்டிங்கில் அவ்வளவு இல்லை, ஆனால் விலா எலும்பு நோகும். மோட்டார்சைக்கிளுக்கும் காருக்கும் உலக அமைப்பே வேறு வேறு, எஃப்ஐஎம், எஃப்ஐஏ என்று. ஒன்றின் போட்டி அனுமதி மற்றதற்குச் செல்லாது.

பயிற்சி இடம் பற்றி இரண்டு சொல். மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையிலான ஏ9 நேர்ப்பாதை தடம் அல்ல. இரவில் மாடு படுத்திருக்கும், அறுவடைக் காலத்தில் ஓரத்தில் நெல் காயும், விழுந்தால் சறுக்கிப்போக இடம் இல்லை. மேலும், நேரே முறுக்கிப் பழகுவதால் வளைவு ஓட்டம் வராது. மண் பயிற்சிக்காகப் புதுக் காட்டுப்பாதை திறக்கப் போகிறவர்கள் கிராமசேவகரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். முகமாலையில் கண்ணிவெடி அகற்றல் ஆண்டுக்கணக்காக நீண்ட வேலை. சிவப்பு மண்டையோட்டுப் பலகை உள்ள இடத்தில் மட்டுமல்ல, பலகை விழுந்து கிடக்கும் இடத்திலும் சில்லுப் பதிக்கக் கூடாது.

தார்த் தடத்தில் முதல் நாள்: முதல் இரண்டு சுற்றில் முழங்காலைத் தரையில் தொடப் பார்க்காதீர்கள், ரயர் இன்னும் குளிராக இருக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடி இறங்குங்கள். காற்றை அளந்து, சங்கிலியையும் பிறேக் லீவரின் ஓட்டத்தையும் பார்த்து, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த ஓட்டத்துக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒரே தடவையில் மாற்றினால் எது உதவியது என்று கண்டுபிடிக்க முடியாது. எஞ்சினை ஏத்துவதைப் பற்றி அந்தக் கொப்பி நிரம்பிய பிறகு வந்து கேளுங்கள்.