புகார்: ஒரே ஒலியில் இரண்டு சொற்கள்

‘புகார்’ என்றதும் இன்று நமக்குக் காவல் நிலையமும் மனுவும்தான் நினைவுக்கு வருகின்றன. ‘அப்படியானால் பூம்புகாருக்கு ஏன் அந்தப் பெயர்?’ என்று பிள்ளைகள் கேட்டால் சட்டென்று பதில் வருவதில்லை. இரண்டும் வேறு வேறு சொற்கள், உறவே கிடையாது.

ஊர்ப்பெயரில் இருப்பது பழந்தமிழ்ச் சொல். ‘புகு’ என்ற வினையோடு சேர்த்துப் பார்த்தால் விளங்கிவிடும்: ஆறு கடலுக்குள் புகும் இடம் புகார். புறநானூற்றின் 30ஆம் பாட்டு, சோழன் நலங்கிள்ளியின் நாட்டைச் சொல்லும்போது ‘புகாஅர்ப் புகுந்த பெருங்கலம்’ என்கிறது. பாயையும் களையாமல், மேல்பாரத்தையும் குறைக்காமல் பெரிய கப்பல் அப்படியே ஆற்றுமுகத்துக்குள் வந்துவிடுகிறது. காவிரி வாய் அன்று எவ்வளவு ஆழமாக இருந்திருக்க வேண்டும்!

அந்தப் பொதுச்சொல்லே பிறகு ஊருக்குப் பெயராக நின்றுவிட்டது. காவிரிப்பூம்பட்டினமும் இதே ஊர்தான். இன்று மேலே தெரிவது மயிலாடுதுறை மாவட்டத்து மீனவ ஊர். பழைய பட்டினம் மண்ணுக்குள் இருக்கிறது. 1960களில் பக்கத்துக் கீழையூரில் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறை வெளிப்பட்டது. படகு கட்ட நட்ட மரத்தூண்களும் அங்கே கிடைத்தன. வயது சுமார் 2,300 ஆண்டு. பல்லவனேசுவரத்தில் புத்த விகாரம் கிடைத்தது. பெருங்கலம் புகுந்த காவிரி இப்போது மெலிந்த வாய்க்காலாகத்தான் கடலைத் தொடுகிறது. அதைப் பார்க்கும்போது மனசு கனக்கும்.

ஆறு கடலில் சேரும் இடத்தை இப்போது ‘முகத்துவாரம்’ என்கிறோம். அதில் ‘துவாரம்’ வடசொல். ஆற்றுமுகம், கழிமுகம், கயவாய் என்று நமக்கே சொற்கள் இருக்கின்றன. ‘முகத்துவாரத்தைத் தூர்வார வேண்டும்’ என்று எழுதுகிறவர்கள் ‘கழிமுகம்’ என்று எழுதினால் கடற்கரைக்காரர்களுக்குப் புரியாமலா போகும்? புகாரையும் அந்தப் பொருளில் திரும்ப எடுத்து ஆளலாம் என்பது என் ஆசை.

சரி, மனுவில் எழுதும் ‘புகார்’? அது இந்துஸ்தானி வழியாக வந்தது. அங்கே அதற்குக் கூப்பிடுதல், கூவி அழைத்தல் என்று பொருள். அதற்குத் தமிழ் ‘முறையீடு’. சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் முன் நின்று ‘பெரும்பெயர்ப் புகாரென் பதியே’ என்கிறாள். புகார் அவள் பிறந்த ஊர். அந்த அவையில் அவள் செய்தது முறையீடு.