மினாரா, மனோரா, மெனாரா

மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தானில் வளர்ந்த தமிழருக்கு 'மெனாரா' என்ற மலாய்ச் சொல்லை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஊர் நடுவே சாய்ந்து நிற்கும் மணிக்கூண்டின் பெயரே 'மெனாரா சொண்டோங்'. சம்பளம் போட்ட வாரத்தில் தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வருகிறவர்கள், "மெனாராகிட்ட நிக்கிறேன், வந்துடு" என்று போனில் சொல்வார்கள். அதையே தமிழில் எழுதச் சொன்னால் 'சாய்ந்த கோபுரம்' என்று எழுதுவார்கள். 1885-இல் லியோங் சூன் சோங் என்ற சீனக் குத்தகைக்காரர் கட்டியது அது. உயரம் 25.5 மீட்டர். வெளியிலிருந்து எண்ணினால் எட்டு அடுக்கு, உள்ளே போனால் மூன்றே தளம். ஊருக்குக் குடிநீர் தேக்கிவைத்த தொட்டியும் அதற்குள்தான் இருந்தது. இளகிய மண், மேலே தண்ணீரின் பாரம். சாயாமல் என்ன செய்யும்? பள்ளிவாசலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் அதற்கு வாய்த்தது, பள்ளிவாசலில் பாங்கு சொல்லும், அதாவது தொழுகைக்கு அழைக்கும், உயரக் கட்டடத்தின் பெயர்.

பழைய இஸ்லாமியக் கட்டடங்கள், ஓவியங்களின் படங்களைத் தமிழ்ப் பிள்ளைகள் பார்ப்பதற்காக ஒரு சுவரில் ஒட்டி, கீழே குறிப்பு எழுதும் வேலை எனக்கு வந்தபோது இந்தச் சொல்லில்தான் பேனா நின்றது. குவிமாடத்துக்குத் தமிழ் இருக்கிறது. தொழுகைக்கு இருக்கிறது. பள்ளிவாசல் என்ற சொல்லோ அழகுத் தமிழ். ஆனால் பக்கத்தில் ஒல்லியாக எழுந்து நிற்கிறதே, அதை என்னவென்று எழுதுவது? கோபுரமா, தூபியா, ஸ்தம்பமா, மினாரா?

மூலத்திலிருந்து வருவோம். அரபியில் 'மனாரா'. 'நூர்' என்றால் ஒளி; 'நார்' என்றால் நெருப்பு. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. நூருல், முனவ்வர், அன்வர் என்று நம் அக்கம்பக்கத்தில் கேட்கும் பெயர்களெல்லாம் அந்த வேரின் பிள்ளைகள்தான். 'மதீனா முனவ்வரா' என்று பாய் கடை நாள்காட்டியில் போட்டிருப்பதும் 'ஒளிபெற்ற மதீனா' என்ற பொருளில்தான். அரபியில் ஒரு வேர்ச்சொல்லின் முன்னால் 'ம' சேர்ந்தால் பெரும்பாலும் அது இடத்தைக் குறிக்கும். சுஜூது செய்யும், அதாவது நெற்றி தரையில் பட வணங்கும், இடம் மஸ்ஜித், பாடம் படிக்கும் இடம் மதரஸா. அதே கணக்கில் ஒளி இருக்கும் இடம் மனாரா. விளக்குத் தண்டுக்கும் அந்தப் பெயர் உண்டு, கலங்கரை விளக்கத்துக்கும் உண்டு. அலெக்சாண்டிரியாத் துறைமுகத்தில் நின்ற உலகப் புகழ்பெற்ற விளக்கை அரபுகள் மனாரா என்றுதான் அழைத்தார்கள். 14-ஆம் நூற்றாண்டில் அங்கே போன பயணி இபின் பதூத்தா, முதல் முறை அதைப் பாதி இடிந்த நிலையிலும் பிறகு உள்ளே நுழையவே முடியாத நிலையிலும் கண்டதாக எழுதிவைத்திருக்கிறார். கட்டடம் போய்விட்டது, பழைய அரபுச் சுவடிகளில் அதன் சித்திரங்கள் மட்டும் இருக்கின்றன.

பள்ளிவாசலோடு இந்தச் சொல் ஒட்டிக்கொண்டது பின்னால்தான். நபிகள் காலத்து மதீனாவில் மினாரா கிடையாது. பிலால் அவர்கள் உயரமான ஒரு கூரைமேல் ஏறி நின்று அழைத்தார். (மலேசியாவில் பாங்கு சொல்பவருக்குப் பதவிப் பெயரே 'பிலால்'. தமிழகத்தில் அவர் மோதினார். 'முஅத்தின்' என்ற அரபுச் சொல் தமிழ் வாயில் புழங்கிப் புழங்கி, கடைசியில் மரியாதை விகுதியும் வாங்கிக்கொண்டு அப்படி ஆகியிருக்கிறது.) 705-க்கும் 715-க்கும் இடையில் டமாஸ்கஸில் உமையா வம்சத்து ஆட்சியாளர்கள் பெரிய பள்ளிவாசலை எழுப்பியபோது, அங்கே முன்பிருந்த ரோமானியக் கோயில் வளாகத்தின் மூலைக் கொத்தளங்கள் அழைப்புக்கு வசதியாக இருந்தன. தனியே ஓங்கி நிற்கும் மினாரா ஊர் ஊராகப் பரவியது அடுத்து வந்த அப்பாசிய வம்சத்தார் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில். ஈராக்கின் சமாராவில் சங்குபோல் சுற்றிச் சுற்றி மேலேறும் மல்வியா என்ற மினாரா அந்த நூற்றாண்டின் நடுவில் எழுந்தது. 52 மீட்டர் உயரம், படி வெளிப்பக்கம். அவ்வளவு உயரத்திலிருந்து மனிதக் குரல் கீழே கேட்குமா என்று யாருக்கும் சந்தேகம் வரும். அதனால்தான் சில ஆய்வாளர்கள், பாங்குக்காக மட்டும் இது கட்டப்படவில்லை, 'இங்கே பள்ளி இருக்கிறது' என்று தூரத்தில் வருகிறவனுக்குக் காட்டவும்தான் என்கிறார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

பாங்கு சொல்லும் இடம் என்பதற்கு அரபியில் தனிச்சொல்லே இருக்கிறது: மிஃதனா. 'அதான்' என்ற அழைப்பிலிருந்து பிறந்தது. வட ஆப்பிரிக்காவில் வேறொரு சொல், ஸவ்மஆ. துறவி தங்கும் அறை என்பது அதன் பழைய பொருள். அங்கே மினாராக்கள் சதுரமாகத்தான் இருக்கும். துருக்கியர் மனாராவை 'மினாரே' ஆக்கினார்கள், அவர்கள் கட்டியதும் சீவின பென்சில்போல் இருக்கும். ஐரோப்பியர் வாங்கிக்கொண்டது இவர்களிடமிருந்துதான்.

இப்போது படங்களுக்கு வருவோம். 1237-இல் அல்-வாசித்தி வரைந்த ஓவியம் ஒன்று, ஹரீரி என்ற அரபு எழுத்தாளரின் 'மகாமாத்' கதைகளுக்கானது. ஒட்டகத்தில் வந்த இருவர் ஊர் எல்லையில் நின்று ஒருவரிடம் பேச்சுக் கொடுக்கிறார்கள். பின்னால் ஊர். கூரைமேல் சேவல், குட்டையோரம் ஆடுகள், ஒரு பெண் தக்ளியில் நூல் நூற்கிறாள். இவ்வளவு வீட்டுச் சத்தத்துக்கும் பின்னால் குவிமாடமும் ஒரு மினாராவும் எட்டிப் பார்க்கின்றன. அரண்மனை ஓவியங்கள் பலவற்றைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். இதன் கீழே 'கோபுரம்' என்று எழுதினால் நம் பிள்ளைகள் கண்ணில் படுவது மாரியம்மன் கோயில் வாசலாகத்தான் இருக்கும்.

அங்கேதான் சிக்கல். கோபுரம் வாசலின் மேல் நிற்பது. அதன் அடியில் புகுந்து உள்ளே போகிறோம். அடி அகன்று மேலே போகப் போகச் சுருங்கும், உடம்பெல்லாம் சுதைப் பொம்மை, தலையில் கலசம். மினாராவின் அடியில் யாரும் புகுந்து போவதில்லை. உள்ளே சுருள்படி ஏறும், மேலே ஒரு சுற்றுமாடி இருக்கும், அங்கே ஆள் நிற்பார். வேலையே வேறு. இருந்தாலும் 'மணிக்கூட்டுக் கோபுரம்', 'இரட்டைக் கோபுரம்' என்று எழுதி எழுதி, உயரமாக எது நின்றாலும் கோபுரம் என்று ஆக்கிவிட்டோம். பேச்சுக்கு அது சரி. கட்டடக் கலையைப் பற்றிப் பேசும் படக்குறிப்புக்குச் சரிவராது.

தூபி? அது ஸ்தூபத்திலிருந்து வந்த சொல், புத்தர் பக்கத்துச் சொத்து. இன்று நினைவுத் தூபி என்று கட்சிக்காரர்களும் ஊர்ச் சங்கங்களும் வைத்துக்கொண்டுவிட்டார்கள். ஸ்தம்பம் என்றால் உள்ளே கூடில்லாத தூண். இரண்டும் வேண்டாம்.

தனித்தமிழில்தான் வேண்டும் என்று பிடிவாதமாகத் தேடினால், பொருளுக்கு மிக நெருங்கியது கலங்கரை விளக்கம். அலெக்சாண்டிரியா மனாராவைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெரும்பாணாற்றுப்படைதான் நினைவுக்கு வரும். வானம் விழாமல் முட்டுக்கொடுத்த தூண்போல, 'வானம் ஊன்றிய மதலை போல', ஏணி சாத்தியும் ஏறுவதற்கு அரிய உச்சி, கூரை வேயாத மாடம், இரவில் ஏற்றிய சுடர், அதைப் பார்த்துத் துறைக்கு வரும் கப்பல். ஒரு மனாராவுக்கு வேறென்ன வேண்டும்? மலையாளத்தில் இன்றைக்கும் கலங்கரை விளக்கம் 'விளக்குமாடம்'தான். ஆனால் பள்ளிவாசல் படத்தின் கீழ் 'கலங்கரை விளக்கம்' என்று எழுதிவைத்தால் பிள்ளைகள் கடலைத் தேடுவார்கள். விளக்குமாடம் என்றாலோ தமிழில் சுவரில் அகல் வைக்கும் மாடக்குழி நினைவுதான் வரும். 'பாங்குமாடம்' என்று நானே ஒன்று கட்டிப் பார்த்தேன், காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாங்கு பாரசீகச் சொல். அப்புறம் அதையும் மாற்று என்று ஒருவர் வருவார். அது மட்டுமல்ல, தாஜ்மகாலின் நான்கு மூலையில் நிற்பவை கல்லறைக்கு அழகு சேர்க்க வந்தவை. அவற்றைப் பாங்குமாடம் என்றால் பொருந்தாது. டில்லியில் 72.5 மீட்டர் நிற்கும் குத்புமினாரை வெற்றிச் சின்னம் என்பவர்களும் உண்டு.

இவ்வளவு சுற்றிய பிறகு, சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய்க்குக் காத்திருந்தபோது விடை கிடைத்தது. கல்லாவுக்கு மேல் நாகூர் தர்காவின் பழைய படம், கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தில் எண்ணெய்ப் புகை மஞ்சளாகப் படிந்திருந்தது.

"பாய், இந்த உசரமா இருக்கிறதை உங்க வீட்டுல எப்படிச் சொல்வீங்க?"

"இதுவா சார்? பெரிய மனோரா. எங்கத்தா அப்படித்தான் சொல்லும். இங்க பசங்க மெனாராங்கிறானுங்க."

நாகூரில் ஐந்து மினாராக்கள். அடக்கத்தலத்தின் தலைப்பக்கம் நிற்பது தலைமாட்டு மினாரா. மற்ற எல்லாவற்றையும்விட உயர்ந்தது பெரிய மினாரா, 131 அடி. அதைக் கட்டிக்கொடுத்தவர் 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங். ஆண்டு விழாவான கந்தூரியில் கொடி ஏறுவது இந்த மினாராக்களில்தான். மலாயாத் தோட்டங்களுக்கு ஆள்கட்டிக் கொண்டுவந்த கப்பல்கள் புறப்பட்ட நாகப்பட்டினத்துக்கு நாகூர் பக்கத்து ஊர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் தர்கா எழுந்ததும் அந்தக் கடல்வழியில்தான். அதனால் தோட்டத்து இந்துக் குடும்பங்களுக்குக்கூட இந்தக் கட்டடம் அந்நியமில்லை. 'நாகூர் ஆண்டவரே' என்று கூப்பிட்ட பாட்டிகள் லயத்துக்கு லயம் இருந்தார்கள்.

'மனோரா' என்று எழுதினால் தமிழகத்தார் நினைப்பது இன்னொன்றையும். பட்டுக்கோட்டைப் பக்கம் மல்லிப்பட்டினத்தை அடுத்த சரபேந்திரராஜன்பட்டினத்தில், கடலோரமாக எட்டு அடுக்கில் அறுகோணமாக ஒரு கட்டடம் இருக்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் தோற்கடித்ததைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி 1814–15-இல் எழுப்பியது. தொழுகையும் இல்லை, பாங்கும் இல்லை. ஆனால் ஊரும் அரசும் அதற்கு வைத்த பெயர் மனோரா. (அங்கேயும் எட்டு அடுக்கு, எங்கள் ஊரிலும் பார்வைக்கு எட்டு. தற்செயல்தான், இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.) ஆக, பள்ளிவாசலிலிருந்து பெயரைக் கழற்றி உயர்ந்த கட்டடத்துக்கு மாட்டும் வேலையை மலாய்க்காரர் மட்டும் செய்யவில்லை, தஞ்சைத் தமிழும் 200 ஆண்டுக்கு முன்பே செய்திருக்கிறது.

மலாய் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. வங்கித் தலைமையகம் மெனாரா, தொலைத்தொடர்புக் கோபுரம் மெனாரா, விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கூண்டும் மெனாரா. ஆனால் உண்மையிலேயே விளக்கு எரியும் கலங்கரைக்கு 'ரூமா அப்பி', தீ வீடு! வேர்ப்பொருளுக்கு உரிமைக்காரன் வெளியே நிற்க, அலுவலகங்கள் பெயரை எடுத்துக்கொண்டன.

இந்தப் பக்கத்துப் பழைய பள்ளிவாசல் படங்களில் மினாரா எங்கே என்று தேடத்தான் வேண்டும். பழைய ஜாவா, மலாய்ப் பள்ளிகளுக்கு அடுக்குக் கூரை. அழைப்பதற்கு முன் பெடோக் என்ற பெரிய முரசு முழங்கும். கீழக்கரை, காயல்பட்டினத்துப் பழைய பள்ளிகளும் கோயில் மண்டபம் மாதிரி கல்தூண்களோடு, மினாரா இல்லாமல்தான் நின்றன. ஜாவாவில் குதூஸ் என்ற ஊரில் 16-ஆம் நூற்றாண்டு மெனாரா ஒன்று இருக்கிறது. சிவப்புச் செங்கல், அச்சு அசல் பழைய இந்து ஜாவாக் கோயில். படத்தை மட்டும் காட்டினால் பள்ளிவாசல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மலாக்காவில் இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748-இல் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளியின் மினாரா சீனப் பகோடா சாயல். குலசேகரப்பட்டினத்துக்காரரோ கோலா கங்சார்க்காரரோ, இந்தப் படங்களின் கீழே வெறும் 'கோபுரம்' என்று படித்தால் எந்தக் கோயில் என்றுதான் கேட்பார். 'குதூஸ் மினாரா' என்று எழுதினால்தான், இந்த உருவத்துக்குள் இந்த வேலையா என்று வியப்பார். கோலா கங்சாரின் உபுடியா பள்ளிக்கு, 1917-இல் முடிந்தது, இந்தத் தொல்லையே கிடையாது. பொன்னிறக் குவிமாடம், சுற்றிலும் மினாராக்கள், பார்த்த உடனே தெரியும்.

படக்குறிப்புக்கு நான் வைத்துக்கொண்ட வழக்கம் இதுதான். பள்ளிவாசல், தர்கா, கல்லறை எதுவானாலும் 'மினாரா'. நாகூர் பற்றி எழுதும்போது ஊரார் சொல்வதுபோல் மினாரா, மனோரா இரண்டும் செல்லும். சரபோஜி கட்டியது எப்போதும் மனோரா, அது இயற்பெயர். மலேசியக் கட்டடங்களின் பதிவுப் பெயரில் இருந்தால் மெனாராவை அப்படியே விட்டுவிடலாம், பொதுச்சொல்லாக எழுத வேண்டாம். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு முதல் இடத்தில் 'பாங்கு சொல்லும் உயர்ந்த மாடம்' என்று ஒரு விளக்கம் போதும், அடுத்த படத்திலிருந்து மினாரா தானாக நாக்கில் உட்கார்ந்துவிடும். 'மினார்' என்று ஈறு குறைத்து எழுதுவது உருது வழி. குத்புமினார், சார்மினார் போன்ற பெயர்களோடு அது நிற்கட்டும்.

ஒன்றை மட்டும் பார்த்து எழுதுங்கள். மினாரா வேறு, மிம்பர் வேறு. வெள்ளிக்கிழமை இமாம் ஏறிக் குத்பா என்ற உரை சொல்லும் படிமேடைதான் மிம்பர், அது பள்ளிக்குள்ளே இருப்பது. 'இமாம் மினாராவில் நின்று உரையாற்றினார்' என்று அச்சில் ஒருமுறை பார்த்தேன். பாவம், அந்த மனிதர் எத்தனை படி ஏறியிருப்பார். பன்மைக்கு மினாராக்கள், வேற்றுமைக்கு மினாராவை, மினாராவில், மினாராவின்; நிலா, விழாவுக்கு உள்ள அதே இலக்கணம்தான்.